அறுபது வயதுக்கு ஒரு சட்டை

பெங்களூரு
12.8.2024

பிரியமுள்ள தங்கச்சி ரோஜாவுக்கு,

அண்ணன் எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் அழுகிறாய். அதனால்தான் தாளும் பேனாவும். குழந்தை சுகிர்தா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எண்களைப் படமாக்கிக் காட்டுவதுதான் என் ஆராய்ச்சி என்று உனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பட்டாசு விபத்துகளில் செத்தவர்களைப் பற்றிச் செய்கிறேன் என்றேன். பட்டை வரைபடம் போதும் என்றார் பேராசிரியர். நம் மாப்பிள்ளை சங்கிலிமுத்து ஒரு பட்டையா? அதைப் பார்த்து எவனுக்கு வயிறு எரியும்? செத்தவர்கள் உடுத்திய துணியையே ஒரு கொடியில் வரிசையாகத் தொங்கவிடப் போகிறேன் என்றேன். "இது ஆராய்ச்சியா, சலவைக்கடையா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் படிப்பில் இப்படிப்பட்ட வேலைக்கும் இடம் வாங்காமல் விடமாட்டேன்.

மாப்பிள்ளை சட்டை ஒன்று வேண்டும். தெருவில் மற்றவர்களிடமும் கேட்டு வாங்கி அனுப்பு. திவசத்துக்கு முன் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

உன் அண்ணன்
காளீஸ்வரன்

*

திருத்தங்கல்
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

அந்தக் கோடு போட்ட நீலச் சட்டை ஒன்றுதான் துவைக்காமல் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலைச்சட்டை போட்டுக்கொண்டு வேன் ஏறினார். வெடிமருந்து வாசம் இன்னும் இருக்கிறது. அவரை மூட்டையாகக் கட்டித்தான் தந்தார்கள், நீதான் வாங்கினாய். அவருடையதாய் முழுசாக மிஞ்சியது இந்தச் சட்டைதான். சுகிர்தா அதைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குகிறாள்.

ஆனாலும் கேட்பது நீ. கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி என்று நீ போர்த்திய சேலையைப் பெட்டியில் மேலாகவே வைத்திருக்கிறேன். மனசு விட்டுப்போகும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், எனக்கென்று ஒரு அண்ணன் இருக்கிறான் என்று.

குருவம்மாள் அக்கா தன் மகன் ஆண்டிச்சாமியின் பனியனைத் தர மாட்டேன் என்றார். "எங்க அண்ணன் கேக்குது, நான் பொறுப்பு" என்றேன். "ஏத்தா, இதுல ஒரு நூலு போனாலும் ஒன்னயத்தான் கேப்பேன்" என்று கொடுத்தார்.

மாசியில் திவசம். படத்துக்கு முன் சட்டையை வைத்துக் கும்பிட வேண்டும். அதற்குள் அனுப்பிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

ரோஜா

*

பெங்களூரு
10.11.2024

அன்புத் தங்கச்சி,

தீபாவளிக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. நல்ல செய்தி. ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டில், வழக்கத்துக்கு மாறான ஆராய்ச்சிக்கென்று இந்த வருடம் தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள். என் கொடிக்கு ஒரு சுவர் முழுவதும் தந்திருக்கிறார்கள்! சிரித்த பேராசிரியரே கை கொடுத்தார். துணிகளைத் தயார் செய்யும் வேலைதான் பாக்கி.

காளி

*

திருத்தங்கல்
2.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு இடம் கிடைத்ததில் சந்தோஷம். தெருவெல்லாம் சொன்னேன். தயார் செய்வது என்று எழுதியிருந்தாய். கையெடுத்துக் கும்பிடுகிறேன், துவைத்துவிடாதே. வாசம் போய்விட்டால் பிள்ளை தூங்க மாட்டாள். இப்போதே தினமும் ஆணியைக் காட்டிக் கேட்கிறாள். பொங்கலுக்காவது வா.

ரோஜா

*

பெங்களூரு
17.2.2025

அன்புத் தங்கச்சி,

சொன்னபடி திவசத்துக்கு முன் அனுப்பிவிட்டேன். துவைக்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சும்மா தொங்கவிட்டால் அது துணிக்கடை. அளவு இருந்தால்தான் ஆராய்ச்சி. அறுபது வயதை ஒரு முழு உடுப்பு என்று வைத்து, வாழ்ந்த வயதுக்கு உண்டானதை விட்டு மீதியைக் கத்தரித்தேன். மாப்பிள்ளைக்கு முப்பது, அதனால் சரிபாதி. ஆண்டிச்சாமி பத்தொன்பது, பனியனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜெர்மனியில் பார்த்தவர்கள் நின்று அழுதார்கள் ரோஜா. அடுத்த வருடமும் அழைத்திருக்கிறார்கள்.

வெட்டிய துண்டுகளை யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள். பழைய துணிதானே. அதே நீலத்தில் புதுச் சட்டை ஒன்றும் வைத்திருக்கிறேன். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

உன் அண்ணன்
காளீஸ்வரன்

*

திருத்தங்கல்
4.3.2025

காளீஸ்வரன் அவர்களுக்கு,

பார்சல் திவசத்தன்று காலையில் வந்தது. படையல் போட்டுவிட்டுப் பிரித்தேன்.

சுகிர்தா புதுச் சட்டையைத் தள்ளிவிட்டாள். பாதிச் சட்டையை மோந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா கை எங்கம்மா?" என்றாள்.

குருவம்மாள் அக்கா என் வாசல் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். உங்களைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். "எம்புள்ளய ரெண்டாந்தரம் கொன்னுட்டியேடி" என்றார். வாங்கிக் கொடுத்தவள் நான்தானே.

வெடிமருந்துக்கு அறிவு கிடையாது, அது கிழித்தது. நீங்கள் படித்தவர். அளவு நாடா பிடித்து, வயதைக் கேட்டு, நிதானமாக வெட்டியிருக்கிறீர்கள். அவரை மூட்டையாக வாங்கிய அதே கையால்.

இத்துடன் நீங்கள் எனக்குப் போர்த்திய கோடிச் சேலை இருக்கிறது. அவர் போனபோது எனக்கு இருபத்தேழு. என் ஆயுசும் அன்றோடு சரி. அறுபதுக்கு இருபத்தேழு என்று உங்கள் கணக்குப்படியே அளந்து வெட்டியிருக்கிறேன். மீதியை அடுப்பில் வைத்தேன். இதையும் உங்கள் கொடியில் போடுங்கள். உங்களுக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே.

நாளைக்கு நான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி என்று எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வந்தாலும் என் மேல் போடக் கூடாது என்று தெருவில் சொல்லி வைத்துவிட்டேன். முதலில் தலையாட்டியவர் குருவம்மாள் அக்கா.

இப்படிக்கு
சங்கிலிமுத்து மனைவி
ரோஜா