சாமி என்று கும்பிட்டேன்

வேலும் மயிலும் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18-1-1934

சௌபாக்கியவதி மகள் தங்கமணிக்கு அப்பா ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நாகப்பட்டணத்தில் சுகமாயிருக்க முருகன் அருள் செய்யட்டும். இவ்விடம் எல்லோரும் சுகம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி வந்தேன், அதில் பாதி பொய். உன் அண்ணன் தம்புசாமி ஆறு நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இப்போது உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள், நீ பதறாதே. உன் அம்மா மட்டும் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடக்கிறாள்.

அண்ணனுக்குக் காலையில் கை நடுங்குகிறதாமே, அது டாக்டர் பார்க்க வேண்டிய நோய், புத்திமதியில் தீராது என்று தீபாவளிக்கு நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன். கோயில் கமிட்டியில் இருக்கும் நான் மகனுடைய குடிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றால், அவன் வேலை செய்யும் செந்தூல் ரயில் பட்டறையே சிரிக்குமே என்று நினைத்தேன். உன் அண்ணி பவுனம்மாளும் சொல்லித்தான் பார்த்தாள். மாமா, காலையில ஒரு வாய் சம்சுச் சாராயம் உள்ள போனாத்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வருது, முன்னெல்லாம் சந்தோசத்துக்குக் குடிச்சாரு, இப்ப நடுக்கம் நிக்கிறதுக்குக் குடிக்கிறாரு என்றாள். என் காதில் ஏறவில்லை. நீ இடம் கொடுத்துத்தான் கெட்டான் என்று அவளையே ஏசினேன்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கட்டும், இருபத்தொரு நாள் விரதத்தில் எல்லாம் தானாக விட்டுப்போகும் என்று நானே முடிவு செய்து அவன் கையில் காப்புக் கட்டினேன். பாவம், மாட்டேனென்று சொல்லவில்லை, இந்தத் தடவை விட்டுடுறேம்பா என்றுதான் சொன்னான். வீட்டிலிருந்த போத்தலையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன், வாசலைத் தாண்ட விடவில்லை. மூன்றாம் நாள் சாயந்தரம் பூசையில் மணி அடிக்கும்போது அவன் உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது, வேர்த்துக் கொட்டியது, கண் எங்கேயோ நிலைகுத்தியது. சாமி வந்துருச்சு என்று முதலில் கத்தியது நான்தான். மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றினேன். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் ஓடிவந்தது. எதிர்வீட்டு இராஜம்மா, ஊருக்குப் போன எம் மருமவன் எப்ப வருவாரு சாமி என்று கேட்டாள். அவன் சுவரைக் காட்டி எறும்பு, எறும்பு என்றான். எறும்பு வரிசையாக வருமல்லவா, அடுத்த கப்பலிலேயே வந்துவிடுவார் என்று அதற்கு அர்த்தம் சொன்னவனும் நான்தான். பவுனம்மாள் ஒருத்திதான், ஐயோ, இது சாமி இல்ல மாமா என்று அழுதாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கட்டை மாதிரி விழுந்தான், வாயில் நுரை தள்ளி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. தெருக்கோடி வீட்டில் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் கேட்டு வந்து நாடி பிடித்துப் பார்த்தார். எட்டு வருசக் குடியை ஒரே நாளிலை நிப்பாட்டினா உயிருக்கே மோசம் ஐயா, இது அவன்ர குணமில்லை, வருத்தம், நோய், டாக்குத்தர் பார்த்துத்தான் நிப்பாட்டவேணும் என்று சொல்லி, வண்டி பிடித்து அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நாலு நாள் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள், அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நேற்றுப் பவுனம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகும் வாரா வாரம் காட்ட வேண்டும், மறுபடி குடிக்கக் கேட்டு அலைந்தால் திட்டாமல் உடனே அழைத்து வாருங்கள் என்கிறார் டாக்டர். மறுபடி வருமா என்று கேட்டேன், வரலாம் என்றார். முப்பது வருசம் ரயில்பாதையில் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவன், இப்போது ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அடுத்த கப்பலில் வருவதாக மருமகனிடமிருந்து கடிதம் வந்துவிட்டதென்று இராஜம்மா தினமும் திருநீறு கேட்டு வந்து நிற்கிறாள்.

நீ அங்கே சாமியைக் கும்பிட்டுக்கொள், ஆனால் அண்ணன் பேரில் எந்த நேர்த்திக்கடனும் வைக்காதே, நான் வைத்தது போதும். பவுனம்மாளுக்குத் தனியாக நாலு வரி எழுது, அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், குறையில்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

ஒன்று மட்டும் உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கற்பூரம் காட்டும்போது அவன் என் கையை இறுக்கிப் பிடித்து, அப்பா பயமா இருக்குப்பா, என்னைப் புடிச்சுக்கங்க என்றான். மணிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. முருகனே என்னை அப்பா என்று கூப்பிட்டுவிட்டான் என்று பூரித்துப்போய், அவன் பிடித்த கையை விடுவித்துக்கொண்டு காலில் விழுந்தேன் தங்கமணி. சாமிக்கு எதற்குப் பயம் என்று எனக்குத் தோன்றவில்லையே.

இப்படிக்கு,
உன் அப்பா
சபாபதி