பி1 முடித்ததும் வருகிறேன்

குத்துக்கல்வலசை
11.05.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் அத்தையும் சுகம். போனில் பேசினால் ஷிப்ட் அசதியில் பாதியிலேயே தூங்கிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பி1 பிரெஞ்சுத் தேர்வு அடுத்த மாதம், சென்னையில். சனோபர் மிஸ் செல்போன் வகுப்பில் இப்போது இலக்கணத்தை விட்டுவிட்டு இன்றைய பிரான்ஸ் சமுதாயத்தை நடத்துகிறார்கள். ஓய்வு வயதைக் கூட்டினால் ஏன் ஊர்வலம் போகிறார்கள், கல்யாணம் இல்லாமல் ஒப்பந்தம் போட்டு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் எல்லாம் படித்தாயிற்று. போன வாரம், விருப்பப்பட்டே தனித்தனி வீட்டில் வாழும் தம்பதிகள். சரியா தவறா, மூன்று நிமிடம் பேசு என்றார்கள். நான் ஐந்து நிமிடம் பேசினேன்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏட்டி, எம்மவன் தமிழ்தான பேசுதான், நீ எதுக்கு இப்படி வாயக் கோணுத?" என்றார்கள்.

சொன்னபடி, பி1 முடித்ததும் வருகிறேன்.

உங்கள்
பெர்சிஸ்

லியோன்
28.05.2025

அன்புள்ள பெர்சிஸ்,

கடிதத்தைப் படித்துக்கொண்டே சாப்பிட்டேன். நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பிரான்ஸ் என்றால் தொழிற்சாலையும் தெருமுனை ரொட்டிக்கடையும்தான். நீ வந்து மிச்சத்தைச் சொல்லிக்கொடு. பயப்படாமல் எழுது.

உன்
ஜெபசிங்

குத்துக்கல்வலசை
04.08.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. தேறவில்லை. நாலு மார்க்கில் போய்விட்டது. நவம்பரில் திரும்ப எழுதுகிறேன்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். கிறிஸ்டி மதினி வந்து கூட்டிப்போனார்கள். தலையில் அவ்வளவு தண்ணீர் விழுந்தும் எனக்குக் குளிரவே இல்லை. "என்னட்டி, கல்லு மாதிரி நிக்க?" என்று மதினி சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள்
பெர்சிஸ்

லியோன்
21.08.2025

அன்புள்ள பெர்சிஸ்,

பரவாயில்லை. நவம்பரில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெபசிங்

குத்துக்கல்வலசை
05.01.2026

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த முறையும் தேறவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தைக்குக் கால்வலி தேவலை. சபையில் எல்லோரும் உங்களை விசாரித்தார்கள். ஜூனில் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

உங்கள்
பெர்சிஸ்

லியோன்
24.01.2026

பெர்சிஸ்,

பேங்க், கேஸ், ரேஷன் என்று எந்தப் பாரத்தை நிரப்பினாலும், ஈமெயில் கேட்ட இடத்தில் என்னுடையதைத்தான் எழுதுவாய். கல்யாணமான வாரத்திலிருந்து அப்படித்தான். தேர்வுப் பாரத்திலும் அதையே எழுதியிருக்கிறாய்.

ஜூலையிலேயே ரிசல்ட் எனக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு எழுபத்தெட்டு. நீயே சொல்வாய் என்று பேசாமல் இருந்தேன். அன்று ரொட்டிக்கடையில் ஒரு கேக் வாங்கினேன். கடைக்காரி யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். என் மனைவி பாஸாகிவிட்டாள், வரப்போகிறாள் என்றேன். அதற்குப் பிறகு உன் கடிதம் வந்தது.

நவம்பருக்கு எந்த மெயிலும் வரவில்லை. நீ தேர்வுக்கே போகவில்லை என்று தெரிந்துகொண்டேன். கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. ஏன் என்று மட்டும் சொல்.

ஜெபசிங்

குத்துக்கல்வலசை
10.02.2026

அத்தான்,

படிக்க எனக்குப் பிடித்திருந்தது. வரத்தான் பிடிக்கவில்லை.

உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் சேர்ந்திருந்தோம். நீங்கள் புறப்பட்டபோது எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், அதனால் அழுதேன். பிறகு நீங்கள் லீவில் வந்தபோதும் சரி, போனபோதும் சரி, எனக்குள் ஒன்றும் அசையவில்லை. படிக்கப் படிக்க ஆசை வந்துவிடும் என்று நம்பித்தான் பி1 என்று சொல்லிவைத்தேன். பாஷைதான் வந்தது.

கேக் வாங்கினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. உங்களை நினைத்து அழுதேன். அப்போதும் வரவேண்டும் என்று தோன்றவில்லை.

நேற்றே அத்தையிடம் சொல்லிவிட்டேன். காலுக்குத் தைலம் தேய்த்து முடித்தார்கள். பிறகு, "எம்மவன்ட்ட எப்பம்ட்டி சொல்லப்போற?" என்று கேட்டார்கள்.

இப்போது சொல்லிவிட்டேன்.

பெர்சிஸ்