பதில் வர நேரமாகும்

அன்புள்ள மகனுக்கு,

இன்று மதியக் காட்சியில் நீ எடுத்த படத்துக்கு இருந்தவர்கள்: நான், உன் அப்பா, கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், ஒரு கணவன் மனைவி, பின்வரிசையில் தனியாக ஒரு கண்ணாடிக்காரர். ஆக ஒன்பது பேர். கணவனும் மனைவியும் இடைவேளையில் போய்விட்டார்கள்.

அப்பா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. சினிமாவுக்கென்று நீ வீட்டை விட்டுப் போன இந்த மூன்று வருஷமாக உன் பேரையே எடுக்காதவர்.

படத்தில், விண்கலத்தில் போன மகனின் குரலுக்காக அந்தக் கிழவர் ரேடியோ முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அங்கேதான் தகராறு.

"இதை எடுத்தவனைக் கட்டி வச்சு உதைக்கணும்யா! கால் மணி நேரமா ஒரு கிழவன் மூஞ்சியையே காட்டுறான்" என்று கண்ணாடிக்காரர் கத்தினார்.

"பிடிக்கலைன்னா போங்க சார். நாங்க அழுதுட்டிருக்கோம்ல?" என்றாள் ஒரு பெண்.

அப்பா எழுந்து கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். அடித்துவிடுவாரோ என்று கடவுளைக் கூப்பிட்டேன்.

"அவ்வளவு தூரத்திலேர்ந்து பதில் வர நேரமாகும்யா. உட்காரு" என்றார். நூலகப் புத்தகத்தில் படித்து அவருக்கு அதைச் சொல்லியிருந்தவள் நான்தான்.

படத்தின் கடைசியில் கிழவர் பொறுக்காமல் எழுந்து போய்விட, காலி அறையில் மகனின் குரல் வருகிறது. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அப்பா கேட்டார்: "அந்தக் கிழவன் நான்தானாடி?"

எனக்குத் தெரியாது, அவனைத்தான் கேட்கணும் என்றேன். அப்போதிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவருக்கே எழுது. சீக்கிரம் எழுது.

உன் அம்மா