மீனைத் தொடாமல் குடித்த ஆணம்

சாய்ந்தமருது.

அன்பு மகள் பஸ்மிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் சுகம், என் வலது காலின் பெருவிரல்தான் கொஞ்ச நாளாக எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் மருமகனும் கனடாக் குளிரில் என்ன பாடோ என்பதே எங்கள் யோசனை.

விரல் கதையை உம்மா போனில் சொல்லியிருப்பாள், அதில் பாதியை நம்பாதே. ஒருநாள் சுபஹுக்கு எழும்பினால் விரல் வீங்கிச் சிவந்து கிடக்கிறது, போர்வை பட்டாலும் உயிர் போகிறது. கஜேந்தினி டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது கவுட் வருத்தம், மீனில் பியூரின் என்று ஒன்று இருக்கிறது, அது உடம்புக்குள் போய் யூரிக் அசிட்டாகி மூட்டில் படிகிறது, கீரி மீன், நெத்தலி, றால் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்றார். கடற்கரையில் குடியிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் கட்டுப்பட்டேன், ஏனென்றால் நோன்பு வருகிறது. தொழுகையில் சுஜூது செய்ய விரலை மடித்து ஊன்ற ஏலாவிட்டால் பள்ளிவாசலில், நிலத்தில் குனிய ஏலாதவர்களின் கதிரை வரிசைக்குத்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டு மஜீட் ஏற்கெனவே அங்கேதான், என்னைக் கண்டால் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டிச் சிரிக்கிறார். நோன்பு இரவுத் தறாவீஹ் தொழுகை முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருப்பதைவிட மீனை விடுவது மேல்.

அன்றிலிருந்து ஒரு துண்டு மீனைத் தொடவில்லை, அல்லாஹ் சாட்சி. உம்மா கீரியைப் புளி விட்டு ஆணம் காய்ச்சுவாள், மீனெல்லாம் அவள் கோப்பைக்கு, வெறும் ஆணம் என் சோற்றுக்கு. இந்த யோசனையும் மஜீட் தந்ததுதான், வருத்தம் மீன்லதான் இரிக்கி மசூர், ஆணத்துல என்ன இரிக்கி என்றார். மீன் இல்லாத துக்கத்துக்கு இரண்டு அகப்பை கூடவே விட்டுக்கொண்டேன். விரல் வற்றவில்லை, மற்றக் காலும் சேர்ந்து வீங்கியது. உம்மாவையும் கூட்டிக்கொண்டு, உங்கள் மருந்து சரியில்லை என்று டொக்டரோடு சண்டைக்குப் போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பெருமையாகச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, ஐயா, மீன அவிச்சா அந்தப் பியூரின்ல நல்ல பங்கு குழம்புக்குள்ளதான் இறங்கும், சக்கைய வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டு நீங்க சாறக் குடிச்சிருக்கிறீங்க என்றார். அப்ப என்ட கையாலயா இந்த மனிசனுக்கு நஞ்சு ஊத்தின என்று உம்மா அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். டொக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், என்னையும் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மஜீட்டிடம் போய்க் கேட்டால், கதிரை வரிசையில் தனியாக இருக்க அலுப்பாக இருந்தது என்கிறார்.

இப்போது வீட்டில் பூசணி, புடலங்காய், பருப்பு. மருந்தும் ஒழுங்காக எடுக்கிறேன். வீக்கம் வற்றி, போன ஜும்ஆவில் விரலை மடித்தே சுஜூது செய்தேன். ஆனால் மகள், உம்மாவும் மீனை விட்டுவிட்டாள். மீன் இல்லாமல் அவளுக்கு ஒரு பிடி சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். கேட்டால் எனக்கும் அலுத்துப்போச்சு என்கிறாள், மீன்காரனின் ஹோன் கேட்டால் குசினிக்குள் போய்விடுகிறாள். மெலிந்தும் போனாள். என் மனம் கேட்கவில்லை.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். மருமகன் றால் பிரியன், அளவோடு தின்னச் சொல். மறக்காமல் உம்மாவுக்குப் போன் எடுத்து மீன் வாங்கிச் சாப்பிடச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. அவள் ஆணம் காய்ச்சுகிற நேரம் நான் பள்ளிக்கு நடந்து போய்விடுவேன், அதற்கு இப்போது எனக்குக் கால் இருக்கிறது.

உன் துஆவை எதிர்பார்க்கும் வாப்பா,
மசூர்