இடது பக்கத்துப் பதக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர, எல்லா விதத்திலும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ தலையிலிருந்து கால்வரை ஒன்று விடாமல் சுகமாக இருக்க வேண்டும். குளிர் குறைந்ததா, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றாயே, அடைக்க ஆள் வந்தானா. ஆள் வருவான் வருவான் என்று காத்திருக்காதே, பழைய துணியைச் சுருட்டி நீயே திணித்துவிடு. உங்கப்பா கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதையா தபாலில் அனுப்புவது. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உங்கப்பா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிடுகிறார், இது பாதியில் விடக்கூடிய விஷயமில்லை. இரண்டு மாதம் முன்னால் நீ ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. இத்தனை வருஷம் கழிச்சு அந்த மெடல் எல்லாம் எதுக்கும்மா, விட்டுத் தள்ளேன் என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணு, பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் உன் அம்மா ராணுவ ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினாள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இங்கே பார்க்கிறவர்கள் யாருக்கும் அது தோன்றுவதேயில்லை. பழைய படைவீரர்களுக்கான மருந்தகத்துக்கு என் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் வாசல் காவல்காரர் உங்கப்பாவைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். உங்கப்பா இன்ச் டேப்பைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்திருப்பார். கூச்சத்தில் காதுக்கும் நெற்றிக்கும் நடுவில் எங்கேயோ கையைக் கொண்டுபோய் ஒரு அரைகுறை சல்யூட் திருப்பி வைப்பார். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி வருவேன். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது, எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருஷம் படைவீரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும்வரை.

அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போவது அதுதான் முதல் தடவை. உங்கப்பா எனக்குக் கறுப்பில் ஒரு கோட் தைத்துக் கொடுத்தார், தோள்பட்டையெல்லாம் அப்படி அமைந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெடல், சர்வீஸில் இருந்த எல்லோருக்கும் கொடுக்கும் சாதாரண மெடல். அதைப் புளிபோட்டு விளக்கி, இடது பக்கம் குத்திக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மேஜராம், உதட்டுக்கு மேல் இரண்டு அணில் வால் ஒட்டிவைத்ததுபோல மீசை, நேராக என்னிடம் வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுக்காரரோட மெடலை நாம போட்டுக்கும்போது வலது பக்கம் போடணும், இடது பக்கம் அதை வாங்கினவங்களுக்கு மட்டும்தான் என்றார். படையில் அதுதான் வழக்கம், மனைவியோ பிள்ளையோ போட்டுக்கொண்டால் வலது பக்கம்தான், அவர் சொன்னதில் தப்பில்லை, ஆள்தான் தப்பு. சொல்லிவிட்டு உங்கப்பா பக்கம் திரும்பி, நீங்க எந்தப் பிரிவு சார் என்று கேட்டார். உங்கப்பா கொஞ்சமும் யோசிக்காமல், நான் தையல் பிரிவுங்க, வண்டி ஓட்டினது இவங்க, நான் பட்டன்தான் தைச்சேன் என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள், மேஜர் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. நான்? தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறவள் என்று நீயே கிண்டல் செய்வாயே, அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு அந்த மெடலைப் பொத்திக்கொண்டது. திரும்பி வரும்போது வழக்கம்போல நான்தான் வண்டி ஓட்டினேன், வீடு வரும்வரை கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். உங்கப்பா பயந்தே போய்விட்டார்.

அடுத்த வாரம் மேஜர் ஒரு டப்பா பிஸ்கட்டோடு வீட்டுக்கே வந்து நின்றார். தையல் கடை முன்னறையில் துணிகளுக்கு நடுவே உட்கார இடம் தேடி, கடைசியில் உங்கப்பாவின் இஸ்திரி மேஜை ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, மன்னிச்சுக்குங்கம்மா என்றார். நான் விட்டுத் தள்ளுங்கள் என்று டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். ஆற்றுப்பாலம் கட்டிய படைக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் இரவல் போனதும், வண்டியோடு நானும் போனதும், எல்லைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுக் கிடந்ததும், வெள்ளம் வந்தபோது அடிபட்டவர்களை நாள் முழுக்க ஏற்றி இறக்கியதும் எல்லாம் சொன்னேன். மனுஷர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் படையில் எல்லாருக்கும் ரெண்டு மெடல் குடுத்தாங்களே, எல்லைப் பணிக்கு ஒண்ணு வெள்ளத்துக்கு ஒண்ணு, உங்களோடது எங்கே என்றார். எங்கே என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும். இரவல் போனவர்கள் கதை அதுதான் கண்ணு. பாலத்துக்காரர்கள் அவள் ஆஸ்பத்திரி ஆள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் பாலத்தில் இருக்கிறாள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டார்கள். மெடல் கொடுத்த அணிவகுப்பு நடந்தபோது நீ வயிற்றில், நான் சர்வீஸை விட்டு வந்தாயிற்று. அப்புறம் உன்னை வளர்க்கவே நேரம் போதவில்லை, மெடலுக்கு எங்கே போக. மேஜர் சும்மா விடவில்லை. என் சர்வீஸ் பதிவில் விட்டுப்போன இரண்டு மெடலையும் சேர்க்கச் சொல்லி ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு எழுதவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். உங்கப்பா அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். எனக்கு வந்த சல்யூட்டை எல்லாம் திருப்பிக் குடுக்க வேண்டாமா, எத்தனை வருஷப் பாக்கி என்றார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. நான் அந்தக் காலம் முழுக்க ஆஸ்பத்திரி ஷெட்டில் வண்டியோடு இருந்ததாகத்தான் பதிவு சொல்கிறது, பாலத்துக்குப் பெண் டிரைவர் யாரும் அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை, அங்கே கூட இருந்தவர் யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்று. அந்த வாரம்தான் நீ போன் செய்தாய், விட்டுத் தள்ளேன் என்றாய். நானும் தள்ளிவிடத்தான் நினைத்தேன், யாரைப் போய் எங்கே தேடுவது. ஆனால் அடுப்படியில் நின்றாலும் துணி காயப்போட்டாலும் அந்த ஷெட் வந்து கண்முன் நிற்கிறது. தகரக் கூரை, எண்ணெய்க் கறை, நிறுத்திவைத்த வண்டி, அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் நான். இதுதான் உன் கேள்விக்குப் பதில். நான் நின்றுகொண்டிருக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தேன். சேற்றில், மழையில், பின்னால் மனிதர்கள் முனகிக்கொண்டு கிடக்க, பாலம் தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகவா கேட்டேன், ஓட்டினேன் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன்.

இனிமேல்தான் சந்தோஷம் வருகிறது, கவனமாகப் படி. போன மாதம் ஒருநாள் உங்கப்பா பெரிய கத்தரிக்கோலை எங்கேயோ வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே காணோம் காணோம் என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே மாவு பிசைந்தபடியே, கண்ணு எதுக்கு இருக்கு, தூங்கவா தேடவா, எழுந்து பாரும்யா என்று கத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மேஜர் வந்து நிற்கிறார், கூட ஒரு ஆள், லேசாகக் காலை இழுத்து நடக்கிறவர். அந்த ஆள் உள்ளே வரவில்லை. படியிலேயே நின்று மேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வீடேதான் சார், இந்தக் குரலேதான் என்கிறார். அவர் பாலப் படையில் இருந்தவராம், இப்போது பக்கத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மேஜர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாலத்துக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்து இவரைப் பிடித்திருக்கிறார். வெள்ளத்தன்று பலகை சரிந்து கால் நசுங்கி, ரத்தம் நிற்காமல் என் வண்டியில் வந்தவர். எனக்கு அவர் முகம் ஞாபகமே இல்லை. முகத்தை நான் எங்கே பார்த்தேன், என் கண் முழுக்கப் பாதையில் இருந்தது. பின்னால் கிடக்கிற ஆளைத் தூங்கவிடக் கூடாது, தூங்கினால் போய்விடுவான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் திரும்பிப் பார்க்காமலே வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவர் அத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிறார். அந்தம்மா திட்டின திட்டுக்கு ரோஷம் வந்து முழிச்சுக்கிட்டேன் சார், இல்லன்னா நான் இல்ல என்று உங்கப்பாவிடம் சொல்கிறார். உங்கப்பா உடனே, எனக்கும் இங்க அதே வைத்தியம்தான் நடக்குது என்றார். அப்புறம் அந்த மனுஷர் என் பக்கம் திரும்பி, உங்களைத் தேடாத இடமில்லக்கா, பேரே தெரியாம எப்படித் தேடுறது, கும்பிட்டுக்கிறேன் என்று கையெடுத்தார். நான் அழுதேன் கண்ணு, மறைக்க என்ன இருக்கிறது, அந்த மாவுக்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். உங்கப்பா தேடிய கத்தரிக்கோல் அவர் மடியிலேயே துணிக்கடியில் இருந்தது, அது தனிக் கதை.

மறுநாளே நாலு பேருமாக ரெக்கார்ட் ஆபீசுக்குப் போனோம், வண்டி நான்தான் ஓட்டினேன். உன் வயதில் ஒரு பெண் அந்த மேஜையில் இருந்தாள், நல்ல பொறுமை, எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டாள். சைக்கிள் கடைக்காரர் சாட்சியை ஏற்கெனவே எழுதியே கொண்டுவந்திருந்தார். அதில் என் திட்டுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எருமை, பாலம் கட்ட வந்தியா படுக்க வந்தியா, கண்ணை மூடினே வண்டியை ஆத்துலயே விட்டுடுவேன் என்று எல்லாம். மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்க்கிறார், எனக்கு மானமே போயிற்று. இதையெல்லாம் எடுத்துடலாமேம்மா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சாட்சி சொன்னதுல நாங்க கை வைக்கக் கூடாது ஆன்ட்டி, அப்படியே ஃபைல்லதான் இருக்கும் என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கம்மாவும் வண்டி ஓட்டக் கத்துக்கிறேன்னு சொல்லிட்டே இருக்காங்க, இன்னிக்குப் போய்ச் சொல்றேன் என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். அவள் அப்படி முன்னின்று தள்ளியதால்தான், இழுத்தடிக்காமல் நேற்று தபாலில் பார்சல் வந்துவிட்டது. இரண்டு மெடலும் இருக்கிறது, பதிவைத் திருத்திவிட்டோம் என்று ஒரு தாளும் இருக்கிறது, அதில் பாலத்தின் பேரும் நான் ஓட்டிய வண்டியின் எண்ணும்கூடச் சரியாக இருக்கிறது. உங்கப்பா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார், மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கு எத்தனை பேர். என்னை அழவைத்த மேஜரே அலைந்து ஆள் பிடித்து வந்தார், வலிக்கிற காலோடு ஒருவர் பஸ் ஏறி வந்தார், யாரோ பெற்ற பெண் எனக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன். மேஜருக்கு உங்கப்பா ஒரு சட்டை தைக்கிறார், சைக்கிள் கடைக்காரருக்கு இழுக்கும் காலுக்குத் தோதாக ஒரு கால்சட்டை.

இன்றைக்குக் காலையில் மருந்தகத்துக்குப் போனோம். உங்கப்பா என் கோட்டில் மூன்றையும் வரிசையாகக் குத்தி, போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அடம். மாத்திரை வாங்க யாராவது மெடலோடு போவார்களா. வாசலில் காவல்காரர் வழக்கம்போல உங்கப்பாவுக்குக் கையைத் தூக்கினார். உங்கப்பா அந்தக் கையைப் பிடித்து, நான் இல்லைங்க, இத்தனை நாளும் இவங்களுக்கு வந்ததைத்தான் நான் வாங்கி வச்சிருந்தேன் என்று என்னைக் காட்டினார். அந்த மனுஷர் என் இடது பக்கத்தைப் பார்த்தார், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார் பாரு, என் முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் வைத்தேன், கை மறக்கவேயில்லை. திரும்பினால் உங்கப்பாவும் பையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஒரு சல்யூட் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை.

உனக்கும் ஒரு கோட் தைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறார், என்னுடையது மாதிரியே, உள்ளே கம்பளி வைத்து. தோள் இறுக்கமாக இருந்தால் சொல்லு, அளவெல்லாம் பழசு. வலது பக்கம் நெஞ்சுக்கு நேராகத் தடவிப் பார், நூலில் மூன்று சின்ன வளையம் கட்டிவைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன், பின்னாடி வேணுமே என்று சொல்லிவிட்டு மிஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அவசரம் ஒன்றுமில்லை, முழங்கால் தவிர வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நீ நூறு வயது குறைவில்லாமல் வாழவேண்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கவேண்டும். மழையில் வண்டி எடுத்தால் முன்னால் போகிற வண்டிக்கு நல்ல இடைவெளி விடு, பிரேக்கை நம்பாதே, உன் கண்ணை நம்பு. ஜன்னல் இடுக்கை இன்றைக்கே அடை. அப்புறம் ஒன்றே ஒன்று. என்றைக்காவது அந்த வளையங்களில் மூன்றையும் குத்திக்கொண்டு நீ எங்காவது போனால், யாராவது ஒருவர் ரொம்ப மரியாதையாக வந்து, உங்க அப்பாவோடதா என்று கேட்பார். சிரித்துக்கொண்டே, எங்க அம்மாவோடது என்று சொல்.

உன் அம்மா,
ஆம்புலன்ஸ் டிரைவர்