அரங்க அமைப்பு: குழுவினர்

சின்ன காஞ்சிபுரம்
20 ஜனவரி 2025

சௌபாக்கியவதி அம்ருதவல்லிக்கு கோவர்தன் அநேக ஆசிகளுடன் எழுதுவது.

நேற்றைய ஒத்திகையில் நாம் இருவரும் போட்ட சத்தத்தைப் பற்றி சிம்ரன் இன்று நேராகவே சொல்லிவிட்டாள். "சார், நீங்களும் மேடமும் லெட்டர் போட்டுக்கோங்க. நாங்க டயலாக் பேசிக்கிறோம்." கதாநாயகி சொன்னால் குழு கேட்டாக வேண்டியிருக்கிறது. ஆகவே இனி நமக்குள் எழுத்துதான். ஒத்திகைக் கூடத்துச் சாமான் பெட்டியின் மேல் வைத்துவிடு, எடுத்துக்கொள்கிறேன்.

நீ பெரிய காஞ்சிபுரத்தில் தனி வீடு பார்த்துப் போய் எட்டு மாதமாகிறது. அரங்க அமைப்புக்குக் கொடுத்த பரிசைப் புருஷன் மேடையேறி வாங்கிக்கொண்டான் என்பதற்காக ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள் என்று நாடகம் எழுதினால் எவனும் நம்பமாட்டான். நாடகம் கூட்டுக் கலை. அதனால்தான் நோட்டீஸில் 'அரங்க அமைப்பு: குழுவினர்' என்று பதினோரு வருஷமாகப் போட்டு வருகிறேன். 'எழுத்து, இயக்கம்: கோவர்தன்' என்பது வேறு. அது பெயர் அல்ல, பொறுப்பு.

இந்தப் பருவத்துக்கு மூன்று வேலை. முதலாவது 'ஏரி வற்றிய ஆண்டு'. புரவலர் பட்டுக்கடைக்காரர். அவர் கடைப் புடவைகள் மேடையில் தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை. காட்சி, பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் குடிசை. இரண்டையும் சேர்த்து யோசி.

வெயில் ஏறுவதற்குள் மோர் குடி.

கோவர்தன்


பெரிய காஞ்சிபுரம்
23 ஜனவரி

இயக்குநர் அவர்களுக்கு அம்ருதவல்லியின் நமஸ்காரம். இங்கு நலம். அங்கும் நலமாகத்தான் இருக்கும். நலம் கெடுகிற இடத்தில் நீங்கள் நிற்பதில்லை.

பஞ்சக் குடிசைக்கு ஒன்பது பட்டுப் புடவைகள் வந்து சேர்ந்தன. கூரைக்கு நாலு, சுவருக்கு மூன்று, கதவுக்கு ஒன்று. மிஞ்சிய அரக்குப் புடவையைப் பட்டினியில் செத்த மாட்டின் மேல் போர்த்தியிருக்கிறேன். நல்ல சாவு.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நோட்டீஸில் என் பெயர் வர வேண்டும். ஏழே எழுத்து. 'குழுவினர்' ஐந்து. அச்சகக்காரர் இரண்டு எழுத்துக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தப் பருவம் முடிவதற்குள் நான் செய்த வேலை என்னுடையது என்று நீங்கள் ஊரறியச் சொல்லவில்லையென்றால், குழுவை விட்டு மட்டுமல்ல, உங்களையும் விட்டுச் சட்டப்படி விலகிக்கொள்வேன். வக்கீலைப் பார்த்துவிட்டேன். மனு தயாராகிறது. மிரட்டல் இல்லை, தகவல்.

மோர் குடிக்கிறேன்.

அம்ருதவல்லி


சின்ன காஞ்சிபுரம்
24 மார்ச்

சௌ. அம்ருதாவுக்கு ஆசிகள்.

'ஏரி வற்றிய ஆண்டு' பெரும் வெற்றி. திரை விலகியதுமே கைதட்டல். முன்வரிசைப் பெண்கள் கூரையின் விலையை விசாரித்ததாக நீ எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாய். பஞ்சம் அவர்களை அந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த நோட்டீஸில் புரவலரின் விளம்பரம் போக இடமில்லை. ஆனால் ஏனாத்தூரில் போட்ட இரண்டாவது நாடகத்தில் உன்னைக் குறிப்பிட்டேனே! 'உதவி: திருமதி கோவர்தன்.' அந்தப் பெயரில் ஊரில் வேறு யாரும் இல்லை. இதற்கும் முகத்தைத் திருப்பினால் நான் என்ன செய்வது?

மூன்றாவதுதான் முக்கியம். ஐயம்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா. கடைசி நாள் படுகளம் அமைக்கும் வேலையை நமக்கு வாங்கியிருக்கிறேன். மல்லாந்து கிடக்கும் துரியோதனனை அவர்கள் வருஷா வருஷம் மண்ணில் செய்கிறார்கள். கூத்தில் பீமன் வேஷக்காரர் வந்து அவன் தொடையைக் கதையால் அடித்து உடைக்கிறார். சாயங்காலம் பார்த்தால் துரியோதனன் இருந்த சுவடே இல்லை. எவ்வளவு வீண்! நீ ஃபைபரில் செய். முப்பதடி நீளம், மூன்று துண்டு, போல்ட்டைக் கழற்றி மினி லாரியில் ஏற்றிப் பத்து ஊருக்குக் கொண்டுபோகலாம். சாகாத துரியோதனன்! நவீன அரங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோவர்தன்


பெரிய காஞ்சிபுரம்
27 மார்ச்

இயக்குநர் அவர்களுக்கு நமஸ்காரம். திருமதி கோவர்தன் யாரென்று எனக்குத் தெரியாது. பார்த்தால் நீங்கள் விசாரித்ததாகச் சொல்கிறேன்.

கிராமத்துக்குப் போய்த் திருவிழா நடத்தும் கலியனைப் பார்த்தேன். நீங்கள் வீண் என்று எழுதியது எங்கே போகிறது என்று கேட்டேன். அடி விழுந்ததும் துரியோதனனை ஊரே பிய்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறதாம். மாட்டுக்கொட்டகையில் ஒரு பிடி, நெல் மூட்டை மேல் ஒரு பிடி, விதைக்கிற நிலத்தில் ஒரு பிடி. "அடிய பாக்க பாதி சனம் வரும்மா. மண்ண எடுக்க மொத்த சனமும் வரும்" என்றார்.

ஃபைபரில் எதை எடுப்பார்கள்? போல்ட்டையா? அதோடு, ஃபைபர் தொடை உடையாது. அடிக்கிறவரைத் திருப்பி அடிக்கும். மண்ணிலேயே செய்கிறேன் என்று சொல்லுங்கள், நாளைக்கே தொடங்குகிறேன்.

அம்ருதவல்லி


சின்ன காஞ்சிபுரம்
29 மார்ச்

அம்ருதாவுக்கு ஆசிகள்.

மண் அள்ளிக் கொடுப்பது நம் தொழில் இல்லை. ஊர்க்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். டிவிக்குப் பழகவில்லையா? அவர்கள் ரசனையை உயர்த்தத்தானே நாம் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போகிறோம்!

சொன்னபடி ஃபைபரிலேயே செய். இம்முறை உன் பெயர் தனி வரியில், கொட்டை எழுத்தில் வரும். 'துரியோதனன் வடிவமைப்பு: அம்ருதவல்லி.' அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அந்த வக்கீலுக்கு வேலை இருக்காது.

கோவர்தன்


பெரிய காஞ்சிபுரம்
19 மே

இயக்குநர் அவர்களுக்கு நமஸ்காரம்.

நீங்கள் பாதியில் கிளம்பிவிட்டதால் நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தவரை நடந்தது உங்களுக்கே தெரியும். காலையில் பீமன் வேஷத்தில் மாணிக்கவேல் களத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, கதையை ஓங்கித் தொடையில் போட்டார். 'டங்' என்றது. கதை துள்ளி அவர் நெற்றியிலேயே பட்டது. துரியோதனன் மேல் கீறல்கூட இல்லை. பாரதம் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சண்டையில் அவன் ஜெயித்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இன்னாப்பா இது, தண்ணி டேங்க்கு மாரி சவுண்டு உடுது?" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஊர் அங்கம்மாள். கையில் பையோடு வந்த பெண்கள், "மண்ணு எங்கடா?" என்று கூட்டமாக எழுந்தார்கள். நீங்கள் நோட்டீஸை உயர்த்திக் காட்டி, "அம்ருதவல்லி! பேர் போட்டிருக்கு பாருங்க, அவங்களைக் கேளுங்க!" என்றீர்கள். பதினோரு வருஷத்தில் என் பெயரை நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னது அப்போதுதான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. ஆட்டோ கிளம்பிய சத்தமும் நன்றாகக் கேட்டது.

அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டுத்தான் செய்யக்கூடாததைச் செய்தேன். அதனால் நான் ஓடவில்லை. கலியன் வந்து, "உன்ன திட்டி இன்னாமா ஆவப்போவுது? வேல செய்யத் தெரியும்னா சொல்லு, மண்ணு நான் தரேன்" என்றார். ஏரி மண் இரண்டு டிராக்டரில் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஊரே மிதித்துக் குழைத்துக் கொடுத்தது. உங்கள் ஃபைபரை அடியோடு மூடி அதன்மேல் துரியோதனனைச் செய்தோம். முகத்தை நானே செய்தேன். தோற்றுப்போனது தெரிந்தும் ஒப்புக்கொள்ளாத முகம். மாதிரிக்கு எங்கும் அலையவில்லை.

நாலு மணிக்கு மாணிக்கவேல் நெற்றிக் கட்டோடு வந்து அடித்தார். தொடைக்குள் வைத்த சிவப்புத் தண்ணீர்க் குடம் உடைந்தது. திரௌபதி கூந்தலை முடிந்தாள். அரை மணிக்குள் ஊர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மூக்கு அங்கம்மாளுக்கு. "மூஞ்சி ஷோக்கா வந்துக்குதுமா. ஒடைக்கவே மனசு வர்ல" என்று சொல்லிக்கொண்டே உடைத்து எடுத்தாள். நான் செய்ததைச் சண்டை போட்டுக்கொண்டு எடுத்துப் போனவர்களை முதல்முறையாகப் பார்த்தேன்.

ஃபைபர் அங்கேயே கிடக்கிறது. குழுவினரின் சொத்து.

அம்ருதவல்லி


சின்ன காஞ்சிபுரம்
4 ஜூன்

என் பிரியமுள்ள அம்ருதாவுக்கு அநேக ஆசிகள்.

இத்துடன் பத்திரிகைக் கட்டுரை வைத்திருக்கிறேன். 'உள்ளே நவீனம், மேலே மண்: இயக்குநர் கோவர்தனின் துணிச்சல்.' முதல் அடியில் துரியோதனன் உடையாதது திட்டமிட்டதுதானா என்று நிருபர் கேட்டார். இந்தக் காலத்தில் அதர்மம் ஒரே அடியில் சாகாது என்றேன். எழுதிக்கொண்டே எழுந்து கை கொடுத்தார். உன் பெயரையும் சொன்னேன். இடமில்லாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நடந்ததெல்லாம் நன்மைக்கே. வீட்டுக்கு வந்துவிடு. மாடியில் உன் வரைபலகையை அப்படியே வைத்திருக்கிறேன், மழை வந்தால் அதன்மேல் துணி காயப்போடுவதோடு சரி. அடுத்த பருவம் முழுவதும் உன் பெயர் நோட்டீஸில் இருக்கும், என் பெயருக்கு நேர் கீழேயே. அந்த மனுவை வாங்கிக் கிழித்துவிடு. நாம் பிரிந்தால் குழு என்ன ஆகும் என்று யோசித்தாயா?

உன் கோவர்தன்


பெரிய காஞ்சிபுரம்
9 ஜூன்

கோவர்தன் அவர்களுக்கு,

கட்டுரையைப் படித்தேன். என்னைத் தவிர எல்லாம் சரியாக வந்திருக்கிறது.

அடுத்த வருஷப் படுகளத்துக்குக் கலியன் வெற்றிலை பாக்கோடு வந்து என்னைக் கூப்பிட்டார். நோட்டீஸில் பெயர் போடுவீர்களா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். "அதுல அம்மன் படம் போடுவோம், திருவிழா தேதி போடுவோம். நீதான் செய்யறன்னு ஊருக்கே தெரியுமேமா, அத எதுக்கு அச்சடிச்சிக்கினு?" என்றார். சரி என்று வெற்றிலையை வாங்கிக்கொண்டேன்.

வரைபலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருகிறது.

மனுவை அனுப்பியிருக்கிறேன். இருவரும் சம்மதித்துப் பிரிவதாக எழுதியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் மேலே உங்கள் பெயர், அடுத்த வரியில் என் பெயர். வரிசையை மாற்றட்டுமா என்று வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். நம் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பது இந்தக் காகிதத்தில்தான்.

கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

அம்ருதவல்லி