தட்டிவிட்டு வா

கோபக்கார மகனே,

நேற்று நீ முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதை மட்டும் சூடாக்கு. நீ ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறாய்.

"தனியா போனா நாலு பேர் என்னம்மா சொல்வாங்க?" என்றாயே. கேட்டால், "அம்மா ஓடிப்போயிட்டாங்க" என்று சொல். இந்த வயதில் ஒரு கெட்ட பெயராவது வாங்குகிறேன்.

சின்ன வயதில் சாப்பாட்டு மேசையடியில் போர்வை கட்டி வீடு என்பாய். "அம்மா, தட்டிட்டுத்தான் வரணும்!" நானும் மேசைக்காலைத் தட்டிவிட்டுக் குனிந்து காத்திருப்பேன். அப்போதே எனக்குப் பொறாமைதான். என் கதவு என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை.

இப்போது வாடகைக்கு ஓர் அறை, இரண்டு தெரு தள்ளி. மாற்றுச் சாவி உன் சட்டைப் பையில்.

அம்மா

பி.கு.: சாவி இருந்தாலும் தட்டு. "யாரது?" என்று கேட்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.